நாற்பத்திரண்டாவது படம்

ஜெபகனி டீச்சர் பென்டிரைவோடு வடசேரியில் சுனிலின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். கணவர் ஆபேலின் அடக்க ஆராதனையில் எடுத்த நாற்பத்தொரு படங்களைக் கைதவறி அழித்துவிட்டாராம். வேறு பிரதி இல்லை.

சுனில் மீட்டபோது நாற்பத்திரண்டு வந்தன. எல்லாமே சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படங்கள்தான். கடைசிப் படத்தில் மட்டும் டீச்சர் நின்ற இடத்தில் ஆபேல் கைக்குட்டையோடு நின்றார். பெட்டிக்குள் வெள்ளைச் சேலை தெரிந்தது. சுனில் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் அழித்தான்.

"எல்லாம் கிட்டிச்சா மக்கா?"

"கிட்டிச்சு டீச்சர். நாப்பத்தொண்ணும் இருக்கு."

டீச்சர் பென்டிரைவைப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

"பயந்தே போயிட்டேன். அழிச்சாலும் திரும்ப வரும், இல்லியா?"