அட்டையில் ஒரு சொட்டு

மறுபடியும் சொட்டு.

வண்டிக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்துப் பார்த்தார். காலையில் போட்ட புது அட்டை. நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய்.

நேற்று முன்பக்கம் ஒழுகியது. இன்று பின்பக்கம்.

இடம் மாறி மாறிப் போக்குக் காட்டுகிறது, சனியன்.

இன்ஜினின் மேல்மூடி பேக்கிங்கை மாற்றிப் பார்த்தார். அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பின் பேக்கிங்கை மாற்றினார். உக்கடத்தில் கடை கடையாக அலைந்து ஆயில் சீல் வாங்கி வந்து அதையும் மாற்றினார். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வந்தது.

நான்கு மணிக்குத் திருப்பூர்க்காரர் போன் செய்வார். பழைய வண்டிகள் சேர்க்கிறவர். ஒழுகல் நின்றிருந்தால் இன்றைக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

கொண்டுபோகட்டும். இது வாசலில் நிற்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது.

வண்டி மகன் பிரகதீஷுடையது. அப்பாவைவிட வயதான அந்த பிக்கப்பை இரும்புக்கடையிலிருந்து மீட்டு வந்தான். மொத்தமாகக் கழற்றிப் போட்டு, துருவைத் தேய்த்து, இன்ஜினுக்கு நீலம் அடித்து முடித்தான். அந்த வாரம் டெங்கு வந்தது.

வண்டி நிற்கிறது. அவன் இல்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் உட்காருவதில்லை. மனைவி மகன் பேச்சை எடுத்தால் போதும், ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அவள் பாதிப் பேச்சோடு நின்றுவிடுவாள்.

ஒருநாள் பீரோவைக் கலைத்துப் போட்டு, அவனுடைய மஞ்சள் பனியனைக் காணோமே என்றாள். மற்றதெல்லாம் துவைத்து மடித்தாகிவிட்டது, அது ஒன்றுதான் துவைக்காதது. அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சீறிவிட்டு வந்து இந்த இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மூன்றரை.

வண்டியைக் கிளப்பினார். ஓட விட்டு, சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். எங்கும் ஒன்றும் தெரியவில்லை. பொறுக்கமாட்டாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று புகை முகத்தில் அடித்தது.

அப்படியே நின்றார்.

உள்ளே இருக்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. கிடைத்த சந்தில் எண்ணெயைப் பிடித்துத் தள்ளுகிறது. அவர் அடைக்க அடைக்க அது வேறு இடம் தேடியிருக்கிறது.

காற்றை வெளியே விடுவதற்கென்று பக்கவாட்டில் ஒரு குழாய் உண்டு. அதை மட்டும் அவர் இத்தனை நாளும் தொடவில்லை. மற்ற போல்ட்டெல்லாம் வெறும் இரும்பு; இதற்கு மட்டும் பூட்டிய பிறகு மகன் நீலம் தொட்டு வைத்திருந்தான். ஸ்பேனரை வைத்தால் அது பெயர்ந்துவிடும். வண்டியையே தள்ளிவிடப் பார்க்கிறவருக்குப் பெயிண்ட் மேல் என்ன கரிசனம் என்று அவரைக் கேட்பார் யாருமில்லை.

இன்ஜினை நிறுத்தினார். ஸ்பேனரை வைத்தார்.

நீலம் பெயர்ந்தது.

குழாயை எடுத்ததும் துவாரத்தில் துணி தெரிந்தது. பெயிண்ட் உள்ளே போகாமலிருக்க, அடிக்கும்முன் துணியைத் திணிப்பார்கள். குழாயைப் பூட்டும்போது எடுத்துவிட வேண்டும். மறந்திருக்கிறான். எதையும் மறக்கிற பிள்ளையில்லை. அன்றைக்கே காய்ச்சல் தொடங்கியிருக்கும்போல.

இரண்டு விரலால் இழுத்தார். நீளமாக வந்தது.

எண்ணெயில் ஊறிய கறுப்பு. ஒரு ஓரத்தில் மட்டும் மஞ்சள்.

அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பிறகு குழாயைப் பூட்டினார். ஒழுகிய இடத்தையெல்லாம் துடைத்தார். புது அட்டையைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையில் அந்தத் துணி.

நான்கு மணி நெருங்கும்வரை ஓட விட்டு நிறுத்தினார்.

போன் அடித்தது.

சத்தம் கேட்டு மனைவி வாசலுக்கு வந்தாள். குனிந்து அட்டையைப் பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது.

ஆக, வண்டி போகப்போகிறது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒழுகிட்டுத்தானுங்க இருக்குது," என்றார் அவர் போனில். "இல்லீங்க, நிக்காதுங்க. நீங்க வேற வண்டி பாத்துக்கோங்க."

போனை வைத்துவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். துணியை நீட்டினார்.

அவள் அதை வாங்கி, ஓரத்து மஞ்சளைக் கண்டாள். எண்ணெயோடு முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, உள்ளிருந்தே மறுபக்கக் கதவைத் தள்ளித் திறந்தார்.

"பிரகதீஷ் முதல்ல எந்த ஊருக்குப் போகோணும்னு சொல்லிட்டிருந்தான்?"

அவள் ஏறினாள். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அவர் எழுந்து போகவில்லை.