கவரோடு நட்ட கன்று

பூங்காவைப் பராமரிக்க வந்த தன்னார்வலர்கள் அவசர அவசரமாக ஒரு பூவரசங்கன்றை நட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். போண்டா தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். வேலிச் சந்தில் காத்திருந்த வெள்ளாடு நாக்கைச் சப்புக்கொட்டியபடி வந்தது.

"இந்த நாலு இலை உனக்கு எந்த மூலைக்கு?" என்றது கன்று. "என்னைப் பிளாஸ்டிக் கவரோட புதைச்சிட்டாங்க அக்கா, வேரை நீட்ட முடியல. கவரைக் கிழிச்சு விடு. அடுத்த வருஷம் வயிறு முட்டத் தழை தர்றேன்."

ஆடு யோசித்தது. கன்றைக் கவ்வி வெளியே இழுத்தது. கவரைக் கடித்துக் குதறித் துப்பியது. கன்றைத் திரும்பக் குழியில் தள்ளி, காலால் மண்ணை மிதித்தது. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

மறுவருஷம் ஆடு தழைக்கு வந்தபோது, தளதளவென்று நின்ற பூவரசின் முன்னால் தன்னார்வலர்கள் 'நாங்கள் வளர்த்த மரம்' என்ற பேனரோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, நம்ம மரத்தைத் தின்ன ஆடு வந்துடுச்சு, விரட்டுங்க!"

புதருக்குள் பதுங்கிய ஆட்டிடம் பூவரசு கிசுகிசுத்தது: "கோவிச்சுக்காத அக்கா, உன் தழை எங்கயும் போகாது. ஆனா அங்க பாரு, இன்னிக்கு நட்ட கன்னு எல்லாம் கவரோடதான் நிக்குது."

ஆடு பெருமூச்சு விட்டது.

"சரி, போண்டாவைத் தின்னுட்டுக் கிளம்பட்டும். அப்புறம் நம்ம வேலையை ஆரம்பிப்போம்."