நிறைமதியின் தண்ணீர்

ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று பங்கீடு வந்த பிறகு, வளர்ப்புப் பிராணிகளுக்குத் தண்ணீர் கிடையாது. மனைவி நிறைமதி இறந்து ஆறு மாதமாகியும் இளம்பரிதி அதைப் பதியவில்லை. அவள் வளர்த்த பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது. இலையில் வடியும் துளியைத்தான் நக்கும். அவள் பங்கில்தான் கூண்டுக்குள் சாரல் அடித்தது.

ஆய்வுக்கு வந்த தண்ணீர் அலுவலகப் பெண், "வீட்டுக்காரம்மா எங்க சார்?" என்றாள்.

உள்ளறையில் சாரல் இயந்திரம் தானாகச் சீறத் தொடங்கியது.

"குளிக்கிறா."

"இவ்வளவு நேரமா? குடுத்துவச்சவங்கதான். வரட்டும், உக்காந்திருக்கேன்."

சத்தம் நின்றது.

"முடிஞ்சிருச்சு போல. ஒரு குரல் குடுங்க சார், முகத்தைப் பாத்துட்டுப் போயிடறேன்."

இளம்பரிதி மூடிய கதவைப் பார்த்தான். ஆறு மாதத்தில் முதல்முறையாக, "மதீ" என்று சத்தமாகக் கூப்பிட்டான்.