அரைச் சுற்று

“மறுபடியும் கோணல்! உனக்கு என்மேல என்னப்பா கோபம்?”

படகின் அடிவயிற்றில் மண்டியிட்டிருந்த வாத்தியார், கையிலிருந்த மெல்லிய அளவுத் தகட்டை ஆட்டிக் காட்டிக் கத்தினார். எஞ்சினின் வட்டத் தட்டும், தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றும் தண்டின் வட்டத் தட்டும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். இங்கோ மேலே தகடு நுழையவில்லை. கீழே தாராளமாக நுழைந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “காலையில நீங்களே பார்த்து சரின்னு சொன்னீங்களே சார்?”

“காலையில சரி. நான் சாப்பிட்டு ஒரு கண் அசந்துட்டு வர்றதுக்குள்ள கோணல். நேத்தும் இதே கதை, முந்தாநாளும் இதே கதை. எஞ்சின் என்ன நடந்து போகுதா?”

“எஞ்சினைத் தாங்குற கால்ல, இந்தப் பக்கத்து நட்டு அரைச் சுத்து இறங்கியிருக்கு சார். தானா இறங்காது. மேல இன்னொரு நட்டு போட்டு இறுக்கியிருந்தேன்.”

“அப்ப நீதான். சாப்பிட்டுட்டு முதல்ல வர்றவன் நீ. வேலையை இழுத்தடிக்கிற.” வாத்தியாரின் பார்வை கருவிப் பெட்டியில் விழுந்தது. “ஸ்பானரை மட்டும் சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும் அழகா அடுக்கி வை. வேலையில கோட்டை விடு!”

“நானா அடுக்கினேன்? அள்ளிப் போட்டுட்டுப் போறவன் சார் நான்...”

வாத்தியார் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய காலத்திலிருந்தே, விடை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டால் அவர் காதுக்கு விடுமுறை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கரையேறினான். போகிற போக்கில் ஒன்று கேட்டான்.

“தனியாவா சார் கடலுக்குப் போறீங்க? அம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாளே. ‘ம்’னு.”

அது உண்மைதான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் ‘சாப்பாடு ரெடி’, ‘ம்’ இரண்டையும் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். மனைவி சமையலறைக் கரண்டிகளைத் துடைத்து உயர வரிசையில் மாட்டிக்கொண்டிருப்பாள். யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

இருந்தும் இல்லாத மாதிரி இருப்பதற்குப் பேசாமல் போய்விடலாம் என்றுதான், ஓய்வு பெற்றதும் இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கி வீட்டுக் கொல்லையை ஒட்டிய துறையில் கட்டினார். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்து மறுபடி உள்ளே இறக்கியாயிற்று. எதிரெதிரே இருந்த இரண்டு படுக்கைகளில் ஒன்றைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் கேன்களை அடுக்கினார். துணி காயப்போட வருகிறவள் கொடியடியில் நெடுநேரம் நிற்பாள். படகு வேலையைப் பார்க்கிறாளா, கடலைப் பார்க்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“கிளம்பறேன். திரும்பி வர மாசக்கணக்காகும்” என்று முதலில் சொன்ன அன்று, ‘போகாதீங்க’ என்று ஒரு வார்த்தை வரும் என எதிர்பார்த்தார். ‘ம்’தான் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மெக்கானிக் வரவில்லை. அவன் இருந்தால் ஓயாமல் விசிலடிப்பான். அது எரிச்சலாக இருக்கும். இப்போது அதுவும் இல்லாமல் படகு காலி வீடாகக் கிடந்தது. வாத்தியார் ஒற்றை ஆளாகக் குனிந்து, நெளிந்து, முழங்கை தேய நட்டைத் திருகினார். தகட்டை விட்டுப் பார்த்தார். சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தது. “சபாஷ்” சொல்ல ஆளில்லாததால் தானே சொல்லிக்கொண்டார்.

மதியம் அவள் பரிமாறினாள்.

“எஞ்சின் சரியாயிடுச்சு. நாளைக்குக் கிளம்பறேன்.”

“ம்.”

போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு ஒரே ஓர் எழுத்துதானா என்று புரண்டு புரண்டு படுத்தார். பேப்பராவது படிக்கலாம் என்றால் கண்ணாடியைப் படகிலேயே விட்டிருந்தார். எடுத்து வரப் போனார்.

துறையில் கால் வைத்ததும் படகுக்குள் ‘ணங்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக்! நேற்றுத் திட்டிய கோபத்தில் திருட்டுத்தனமாக வந்து நட்டைக் கழற்றுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி இறங்கினார்.

எஞ்சின் பக்கத்தில், டார்ச்சைப் பல்லில் கடித்தபடி குந்தியிருந்தாள் அவர் மனைவி. கையில் ஸ்பானர். முழங்கை வரை கிரீஸ். நட்டு அரைச் சுற்று இறங்கியிருந்தது.

அவள் பதறவில்லை. ஸ்பானரை அதன் வரிசையில் வைத்துவிட்டு, டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். தண்ணீர் கேன்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

“பிடுங்கிப் போட்ட அந்தப் படுக்கையைத் திரும்ப மாட்டுங்க, நட்டை நானே இறுக்கித் தர்றேன்.”