விசில்

"சார், அந்த விரால இப்பவே ஏரியில விடணும்."

விருந்தினர் பிள்ளை பிடித்ததை விடச் சொல்லவே கூடாது என்று, கோடை முகாமில் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சுகந்தியிடம் சொல்லியிருந்தார். காலையில் அவள்தான் பிள்ளைகளுக்கு ஏரியில் சுழலும் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காட்டினாள். அதற்கடியில் விரால் காவல் நிற்கும், குஞ்சுகளை நெருங்கும் எதையும் பசியில்லாமலே கடிக்கும், அங்கே மட்டும் தூண்டில் போடாதீர்கள் என்றாள்.

"அக்கா காட்டுன எடத்துலயே போட்டேன், ஒடனே கடிச்சிருச்சு!" என்று குதித்தான் நிகில்.

சமையற்கட்டு வாளியில் மீன் வாயைத் திறந்து மூடியது. சமையல்காரர் கல்லுப்பை அள்ளிவிட்டார்.

"மீனப் பத்திப் படிச்சா மீனுக்கு வக்கீலாம்மா? அவங்கப்பா வறுக்கச் சொல்லிட்டாரு. வாளியத் தொட்டா நாளைக்கு வராத," என்றார் மேலாளர்.

சுகந்தி கழுத்திலிருந்த முகாம் விசிலைக் கழற்றி உப்புக் கிண்ணத்தருகே வைத்தாள். வாளியைத் தூக்கினாள்.

"அக்கா, அது என் மீனு!" நிகில் பின்னால் ஓடிவந்தான்.

"அப்ப நீயே வந்து விடு," என்றாள், நிற்காமல்.