திரும்புகிற வழியில் ஒரு கலைக்கூடம்

இந்த மியூசியமும் பூட்டு.

அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எரிச்சலில் காது மடல் சுட்டது.

"திறந்திருக்குன்னுதானே போன்ல காட்டுச்சு," என்றார் தாமோதரன். தப்பு கதவுடையது என்பதுபோல அதை ஒருமுறை தட்டியும் பார்த்தார்.

அவளைக் கட்டியவர். வாழ்நாளெல்லாம் டிப்போவில் பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர். ரூட் போடாமல் படியிறங்க மாட்டார். "சின்னச் சின்ன மியூசியம்தானே, ஒரே சுத்துல முடிச்சிடலாம்," என்று இன்றைக்கும் ஒரு ரூட் போட்டிருந்தார்.

அவள் கேட்டது ஒரே ஒரு இடம். சேத்துப்பட்டில், ஒரு பழைய வீட்டு மாடியில் இருக்கிற கலைக்கூடம். அது வீட்டுக்குத் திரும்புகிற வழியாம். கடைசியில் வைத்துவிட்டார்.

அங்கே அவள் வரைந்த படம் ஒன்று மாட்டியிருக்கிறது.

இன்றோடு கண்காட்சி முடிகிறது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பார்க்காமலே "பிரமாதம்" என்பார். இத்தனை வருஷம் குழம்புக்கும் புடவைக்கும் சொன்ன அதே பிரமாதம். யாரோ வரைந்தது என்று நினைத்துப் பார்க்கட்டும். அப்போது அவர் வாயில் என்ன வருகிறதோ, அதுதான் வேண்டும் அவளுக்கு.

அதற்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே!

"இங்கேர்ந்து இன்னொண்ணு பக்கம்தான். ஒரு எட்டு பார்த்துட்டு..."

"ஐயோ, போதும் சாமி!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளே கை காட்டி ஆட்டோவை நிறுத்தினாள்.

சேத்துப்பட்டில் அவர்கள் மாடி ஏறும்போதே காவலாளி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். "சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்கம்மா."

தாமோதரன் சீக்கிரமாகத்தான் பார்த்தார். மின்விசிறியை. கூரை விரிசலை. படங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார், ஸ்டாப்பிங்கில் நிற்காத பஸ் மாதிரி.

இந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது நின்றார்.

அவள் படம்.

ஒரு ஆண், முதுகு மட்டும். மேஜையில் குனிந்து ஏதோ எழுதுகிறான். பின்னால் ஒரு பெண் கையில் டம்ளரோடு நிற்கிறாள்.

அவர் நகரவில்லை. கிட்டே போனார். தள்ளி வந்தார். எதையும் அவர் இப்படி நின்று பார்த்து அவள் கண்டதில்லை.

"பாவம் இந்தம்மா," என்றார். "காப்பி ஆறியே போயிருக்கும். திரும்பிப் பார்க்கிறானா பாரு, கடங்காரன்."

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

காவலாளி கடைசி ஜன்னலைச் சாத்தினார்.

"யாரு வரைஞ்சிருக்காங்க?" தாமோதரன் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு. நீ படிச்சுச் சொல்லேன்."



"சட்டைப் பையில கண்ணாடி இருக்கில்ல," என்றாள். "எடுத்துப் போட்டுக்கிட்டு நீங்களே படிங்க."