மிளகு இறங்கும்வரை

குரங்கு பேரீச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மிளகுக் கப்பல் எங்கள் செங்கடல் கரையின் பெரெனிக்கேத் துறைக்கு வந்ததிலிருந்து இதே கதைதான். ரொட்டி வைத்தாகிவிட்டது. என் பங்குக்கு நான் கொண்டுபோன கருவாட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தயேசிஸின் கணவன் ஹோரியோன் மிளகு நாட்டில் வாங்கிய குட்டி அது. கப்பலில் அவன் தோளைவிட்டு இறங்கவே இல்லையாம். குரங்கு வந்துவிட்டது, அவன்தான் வரவில்லை. காய்ச்சலோடு வழியில் அரபுக் கரையில் இறங்கிவிட்டான், அடுத்த கப்பலில் வருவான் என்று கப்பல் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவர் வர்றப்ப இது உசுரோட இருக்கணும்க்கா. இல்லன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் முன்னால நிப்பேன்?" என்றாள் தயேசிஸ். அவளும் சரியாகச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

"நம்ம பேச்சு அதுக்கு எங்கடி புரியும்? மிளகு நாட்டுக்காரன் எவனையாச்சும் கூட்டிவந்து கெஞ்சச் சொல்லு."

கேலிக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே துறைக்கு ஓடிப்போய், அதே கப்பலில் வந்த மாலுமி ஒருவனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். துறையில் மிளகு இன்னும் இறங்கி முடியவில்லையாம், ஒட்டகங்கள் மூட்டைக்குக் காத்து நிற்கின்றனவாம்.

மிளகு முழுதும் இறங்கி முடியும்வரை எங்கள் ஊரில் யாரும் அழக்கூடாது. அழுதால் அடுத்த வருஷக் காற்று கப்பலைக் கொண்டுவராது. விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பிள்ளையைக்கூட வாயைப் பொத்தித்தான் தூக்கி வருவோம்.

மாலுமி குரங்கின் முன்னால் குந்தினான். தன் பாஷையில் ஏதோ சொன்னான். கெஞ்சுகிற மாதிரி இல்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நடுவில் ஹோரியோன் என்ற பெயர் மட்டும் எனக்குக் கேட்டது.

குரங்கு அவன் முகத்தையே பார்த்தது. பிறகு தயங்கித் தயங்கி வந்து, அவன் கையிலிருந்த பழத்தை வாங்கிக் கடித்தது.

தயேசிஸ் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். "அப்படி என்னதான் சொன்னே? எனக்கும் சொல்லிக்குடு, நாளைக்கு நானே சொல்லிக்கறேன்."

அவன் தரையைப் பார்த்தான். எங்கள் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் வரும்.

"'அவன் உடம்ப நாங்கதான் கடல்ல இறக்கினோம். இனி வாசலப் பாக்காத, சாப்பிடு'ன்னேன்."

கதறுவதற்கு வாயைத் திறந்தேன்.

தயேசிஸ் எட்டி என் வாயைப் பொத்தினாள்.

"மிளகு எப்ப இறங்கி முடியும்?" என்று அவனிடம் கேட்டாள்.